மெக்கானிக்கின் லைசென்ஸ் படம்

சுகிர்தத்தின் நாயைப் படமெடுத்தால் படத்தில் ஓட்டை விழும். அச்சிட்ட தாளில் நாய் உட்கார்ந்த இடம், காதும் வாலுமாகக் கத்தரித்தது போல் திறந்திருக்கும்; விரலை விட்டால் மறுபக்கம் வரும். தார் நிறத்து நாய் அது. எந்நேரமும் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்ததால் கொருக்குப்பேட்டையில் அதற்கு மெக்கானிக் என்று பெயர். ஓட்டையால் யாருக்கும் தொந்தரவு இருக்கவில்லை. பிறகு மாநகராட்சி அறிவிப்பு ஒன்று வந்தது: வளர்ப்பு நாய்களுக்கு முகம் தெரியும் படத்தோடு லைசென்ஸ் வாங்க வேண்டும், வாங்காதவை நாய்பிடி வண்டியில் ஏற்றப்படும்.

இறால் உரிக்கும் கம்பெனியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, சுகிர்தம் நாயை ராயபுரத்தில் ஃப்ரெடியின் ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனாள். சர்ச்சில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளையும் கல்யாணப் பெண்களையும் எடுத்துப் பேர் வாங்கியவர் ஃப்ரெடி. வந்தவர் எவரையும் வந்த நிறத்திலேயே திருப்பி அனுப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. வழக்கப்படி நாயின் முகத்திலும் பவுடரை அப்பி, இரண்டு ஃபிளாஷை நேருக்கு நேர் அடித்தார். ஓட்டையைச் சுற்றிப் பவுடர் மட்டும் விழுந்தது. அவர் மனம் தளரவில்லை. கம்ப்யூட்டரில் ஓட்டையை அடைத்து, மணப்பெண்களுக்குச் செய்வதையே செய்து, பால் நிறத்தில் ஒரு நாயைக் கொடுத்தார்.

லைசென்ஸ் கவுண்டரில் இருந்தவர் படத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஆட்டுக்குட்டி படத்த எட்தாந்துகீற?"

நாளைக்குள் சரியான படம் வராவிட்டால் வண்டி வரும் என்றார்.

சுகிர்தம் நேரே ஸ்டுடியோ வாசலுக்குத் திரும்பி வந்து கத்தினாள். "த பாரு நைனா, இத்த இன்னா நான் கட்டியா குடுக்கப் போறேன்? கறுப்பாவே எடு!"

"கறுப்பா எட்த்து எனுக்குப் பழக்கமில்லியேம்மா," என்றார் ஃப்ரெடி. பொய்யில்லை.

அன்று வானம் மூடியிருந்தது. ஃபிளாஷை அணைத்து, நாயை வாசல் நிழலில் பக்கவாட்டு வெளிச்சத்துக்கு உட்கார வைத்து, சங்கிலியைச் சுகிர்தத்திடம் கொடுத்தார். கேமராவின் வெளிச்ச அளவை நாயின் மயிருக்கு மட்டும் வைத்தார். மற்றதெல்லாம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஓட்டை மூடிக்கொண்டது. காதோரச் செம்பட்டை, மூக்கின் ஈரம், கண்ணில் ஒரு புள்ளி வானம், எல்லாம் விழுந்தன. லைசென்ஸ் கிடைத்தது. மற்றதெல்லாம் வெளுக்கவும் செய்தது. சங்கிலி பிடித்த சுகிர்தத்தின் கை, படத்திலும் நேரிலும், மணிக்கட்டு வரை கோலமாவு நிறமாயிற்று. சோப்புக்குப் போகவில்லை. கம்பெனியில் அதைக் கையுறை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கையைச் சரியாகக் கவனித்தவள் பக்கத்து வீட்டு ஜானட். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். "யக்கா, உன் நாய கொஞ்ச நேரம் குடேன்," என்றாள். அடுத்த வாரமே வியாசர்பாடியிலிருந்தும் மணலி புதுநகரிலிருந்தும் பெண்களை ஃப்ரெடியின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக்கின் பக்கத்தில் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் கண், மூக்கு எதுவும் தெரியாத வெண்மையோடு எழுந்தார்கள். தாய்மார் குரலை வைத்து அவரவர் மகளைக் கண்டுபிடித்துக் கூட்டிப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு கலர் நல்லா கீது," என்று அன்றைக்கே தட்டு மாற்றினார்கள்.

இப்போது அந்தப் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் தெளிவாகத் தெரியும் முகம் மெக்கானிக்குடையது மட்டும்தான். விருந்தாளிகள் கேட்டால், நாய்க்கு இடப்பக்கம் இருப்பது பெண் என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.