ஐந்தாவது பாட்டு

ஹங்கேரியிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் எங்கள் கம்பெனிக்குத் திடீரென்று சங்கீத ஆசை வந்துவிட்டது. அந்த நாட்டு இசையமைப்பாளர் ஒருவர் கிராமத்துப் பாட்டுகள் ஐந்தை எடுத்து, இரண்டு வயலினுக்கும், வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கிற ஒரு செல்லோவுக்கும் எழுதியிருந்தார். டிசைன் பிரிவு ஆனந்த் சார் முதல் வயலின். செல்லோவுக்கு பெங்களூரிலிருந்து ஒருவர். கிருஷ்ணகிரி கான்வென்ட்டில் சிஸ்டரிடம் வயலின் படித்த பாவத்துக்கு, அசெம்பிளி லைனில் நிற்கிற நான் இரண்டாவது வயலின்.

இரண்டாவது வயலின் என்றால் ஒத்து ஊதுகிற வேலைதான். நான்கு பாட்டுக்கும் ஆனந்த் சார் மெட்டை வாசிப்பார், நான் அடியில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாவதில் மட்டும் மெட்டு எனக்கு. அதைக் கேட்கத்தான் அப்பாவை உத்தனப்பள்ளியிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூட விழாக்களில் கூட்டத்தோடு கூட்டமாக வாசித்த என்னை அவர் தனியாகக் கேட்டதே இல்லை. தக்காளித் தோட்டத்துக் கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விழா அன்றும் எனக்கு முதல் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். மேடை ஏறும்போதே தோள் வலித்தது. நான்கு பாட்டு முடிந்தது. ஐந்தாவதற்கு ஆனந்த் சார் ஒரு தந்தியின் சுருதியை இறக்க வேண்டும். அவர் குனிந்து திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நாங்கள் மூட்டை கட்டுகிறோம் என்று எச்.ஆர். தமிழரசன் சார் நினைத்துவிட்டார். மைக்கில் "நன்றி, வணக்கம்" என்றார். சவுண்ட் சர்வீஸ்காரர் சி.டி.யில் ஜன கண மனவைத் தட்டிவிட்டார்.

கூட்டம் மொத்தமும் எழுந்து விறைப்பாக நின்றது. நானும் வில்லும் கையுமாக நின்றேன். முடிந்த கையோடு எல்லோரும் பிரியாணிப் பக்கம் ஓடினார்கள்.

"சார், இன்னும் ஒரு பாட்டு இருக்குது."

"தேசிய கீதமே போட்டாச்சேம்மா. அதுக்கு மேல என்ன பாட்டு? தப்பாயிடும்" என்றார் தமிழரசன் சார்.

"விடு வினோதா" என்றார் ஆனந்த் சார். அவருக்கென்ன, நான்கு பாட்டு கிடைத்துவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது.

அப்பாவை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனேன்.

"நல்லாதான் இருந்துச்சி கண்ணு. ஆனா உன்னுது எதுன்னுதான் எனக்குத் தெரியல."

"என்னுது அடுத்ததுப்பா. வாசிக்க விடல."

"அப்ப இங்க வாசி."

"இங்கியா? எல்லாரும் பாக்குறாங்கப்பா. கையும் வலிக்குது."

உத்தனப்பள்ளி வழியாகப் போகிற ராயக்கோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். அப்பா ஏறாமல், "நீங்க போங்க சாமி" என்று கையாட்டிவிட்டார்.

வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்தேன். துணைக்குச் செல்லோ இல்லாமல் மெட்டு மொட்டையாகக் கேட்டது. லாரி ஹாரன்களுக்கு நடுவில், தோள் கெஞ்சக் கெஞ்ச, ஒரு வழியாக வாசித்து முடித்தேன். அப்பா கைதட்டவில்லை. பிடிக்கவில்லையோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆயிடுச்சா கண்ணு? இல்ல, இன்னும் இருக்குதா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆயிடுச்சிப்பா."

அதன் பிறகுதான் தட்டினார்.