மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி

இசைக்குழுவில் அவரை எல்லோரும் கும்மு என்றுதான் கூப்பிட்டார்கள். பேஸ் கிட்டாரில் அவர் எந்தத் தந்தியைத் தட்டினாலும், விரலை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும், ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்தது ஒரே சத்தம்: கும். பெயரை வைத்தது அவருடைய மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. குழுவை நடத்துகிறவனும் அவன்தான், மைக் முன்னால் நின்று பாடுகிறவனும் அவன்தான்.

மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு நீள அறையில் ஒத்திகை நடக்கும். சுவரெல்லாம் பழைய கம்பளத்தை ஆணி அடித்து ஒட்டியிருந்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மைத்துனன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துவான்.

"கீழ யாரோ தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டாங்க போல." காதைக் குவித்துக் கேட்பதுபோல் நடிப்பான். "ஓ, நீங்களா மச்சான்? ஸாரி."

டிரம்ஸ்காரன் குச்சியைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். கும்முவும் சேர்ந்து சிரித்துவைப்பார். பிறகு ஆம்ப்ளிஃபயரைக் காட்டிச் சொல்வார்: "பழைய ஆம்ப் மாப்ளே. பெட்டியும் பழசு. இதுல இவ்வளவுதான் வரும்."

அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் கிளறிப் பார்த்ததில்லை. ஆம்பில் அடிச்சத்தத்துக்கான பேஸ் குமிழை முழுக்கத் திருகி, மேல்சத்தத்துக்கான டிரெபிளை அடியோடு இறக்கி, பெட்டியை அறை மூலையில் தரையோடு தரையாக ஒட்டி வைத்ததெல்லாம் அவரே. அந்த இரைச்சலுக்குள் நாலு சுரம் வாசிக்க வேண்டிய இடத்தில் ரெண்டு வாசித்தாலும் யாருக்கும் தெரியாது. ஒரு நொடி பிந்தினாலும் தெரியாது. தெரிந்தே செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள மெனக்கெடவும் இல்லை.

மைத்துனனுக்கு அவரைக் கழற்றிவிட வெகுநாளாக ஆசை. அக்காதான் குறுக்கே நின்றாள். அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவள் முன்னால் அவன் வாய் நீளாது. "அவர் வாசிப்பு என் காதுக்கு நல்லாத்தான் இருக்கு. நீ உன் தொண்டையைப் பாரு" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவாள். அதனால் அவன் வேறு வழி பிடித்தான்.

ஒருநாள் ஒத்திகைக்கு ஆம்ப் ரிப்பேர்காரர் ஒருவரைக் கூட்டி வந்தான். மச்சானின் தோளில் கை போட்டான்.

"இத்தனை நாளா உங்களைப் போட்டு வாட்டி எடுத்துட்டேன் மச்சான். யோசிச்சுப் பார்த்தா உங்க மேல தப்பில்ல. தப்பு பெட்டியில இருக்கு. சரி பண்ணிடலாம்."

கும்மு டீ வாங்கிவரத் தானே கீழே ஓடினார்.

ரிப்பேர்காரர் அதிகம் பேசாதவர். பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கோன் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதை மாற்றினார். பலகையில் லொடலொடவென்று ஆடிய திருகுகளை முறுக்கினார். பெட்டியை மூலையிலிருந்து இழுத்து அறை நடுப்பக்கம் கொண்டுவந்து, ஒரு பலமான ஸ்டாண்டின் மேல் காதுக்கு நேராகத் தூக்கி வைத்தார்.

"மூலையில வெச்சா ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிச்சத்தத்தை ஊதிப் பெருசாக்கிடும். அப்புறம் எந்த சுரம்னு யாருக்குத் தெரியும்?" என்றார். பேஸ் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கி, நடுச்சத்தத்துக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றினார். கெயின் என்கிற குமிழைக் குறைத்தார். "இது கூடினா சத்தம் உடையும். பெருசா கேக்கணும்னா வால்யூமை ஏத்துங்க, இதைத் தொடாதீங்க." கிட்டாரில் துருவேறிக் கிடந்த தந்திகளையும் மாற்றச் சொன்னார்.

கும்மு ஒரு தந்தியைத் தட்டினார். சத்தம் வட்டமாக, கெட்டியாக, தனியாக வந்து நின்றது. அடுத்ததைத் தட்டினார். அது வேறாகக் கேட்டது. பல வருஷமாகக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவளை முதல்முறை வெளிச்சத்தில் பார்த்ததுபோல் அவர் முகம் மலர்ந்துபோனது.

"பிரமாதம் மச்சான்," என்றான் மைத்துனன். போனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி ஸ்பீக்கர் முன்னால் இருந்த நாற்காலியில் வைத்தான். "நம்ம முதல் பாட்டையே எடுப்போமா?"

எடுத்தார்கள். ரெண்டாவது வரியிலேயே கும்முவுக்கு வியர்க்க ஆரம்பித்தது. டிரம்ஸ் விழுந்த பிறகுதான் அவர் விரல் விழுந்தது, ஒவ்வொரு தடவையும். பாட்டு படிப்படியாக இறங்குகிற இடத்தில் அவர் ஒரு படியைத் தாண்டிக் குதித்தார். சரணத்தில் ஒரு சுரம் முழுக்கத் தப்பு. இத்தனை வருஷமும் அதே தப்பைத்தான் வாசித்திருக்கிறார் என்பது அவர் காதுக்கே அப்போதுதான் எட்டியது. டிரம்ஸ்காரன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொரு தடவை மச்சான்," என்றான் மைத்துனன் இதமாக. முடிந்ததும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்தப் பதிவை அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து அக்கா முன்னால் போட்டுக் காட்டினான். கும்முவும் அவர் மகளும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பு வருகிற இடத்திலெல்லாம் அவன் கரண்டியால் தட்டில் லேசாகத் தட்டினான், டிங் என்று. பாட்டு முடிவதற்குள் அந்த டிங் சத்தம் தாளம் போல ஆகிவிட்டது.

அக்கா முழுவதையும் கேட்டாள். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

"ஏங்க, இத்தனை நாளும் இப்படியேதானா?"

திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மைத்துனன் அடுத்ததையும் தயாராக வைத்திருந்தான். மகளுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் இன்னொரு கிட்டாரை எடுத்துவைத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனில் வாசித்து வாசித்தே கற்றுக்கொண்டவள். "இனிமே இவ வாசிக்கட்டும்" என்றான்.

"அப்பாவுக்குச் சரின்னாதான்," என்றாள் மகள்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். "எனக்கென்ன, சந்தோஷம்தான்," என்றார் கும்மு.

"நீங்க பெட்டியைப் பார்த்துக்கங்க மச்சான். தூக்குறது, வைக்கிறது, குமிழ் திருகுறது. அதான் இப்ப கத்துக்கிட்டீங்களே."

முதல் நிகழ்ச்சியில் கும்மு எல்லாவற்றையும் ரிப்பேர்காரர் சொன்னபடியே வைத்தார். மகள் வாசித்தாள். கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் மைத்துனன் மைக்கிலேயே சொன்னான்: "இதுக்குப் பேருதான் பேஸ். எங்க குழுவுல இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்குறோம்." கைதட்டல் அடங்க நேரம் ஆனது. கும்மு மேடைக்குப் பின்னால் ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்றார். மகள் அவரைத் தேடித் திரும்பிச் சிரித்தாள். அவரும் கையை ஆட்டினார்.

ரெண்டாவது நிகழ்ச்சியில் பெட்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். மேடை சின்னது, இடமில்லை என்றார். மூன்றாவதில் அதை மூலைக்குத் தள்ளினார். பேஸ் குமிழ் கொஞ்சம் ஏறியது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். கெயினும் ஏறியது. பின்பலகையில் ரெண்டு திருகுகளைத் தளர்த்திவிட்டார். எதையும் ஒரேயடியாகச் செய்யவில்லை. அன்றன்றைக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை.

மகளின் சத்தம் கொழகொழத்துப் போனது. அவள் பதறினாள். பதறியதில் நிஜமாகவே தப்பும் வர ஆரம்பித்தது. ஒரு நிகழ்ச்சி தொடங்குமுன் மேடையில் வாசித்துப் பார்க்கும்போது மைத்துனன் பாட்டை நிறுத்தினான்.

"என்னம்மா, நீயும் மோட்டார் போட ஆரம்பிச்சுட்டியா? உங்கப்பன் ரத்தம் எங்க போகும்." இந்தத் தடவை டிரம்ஸ்காரன் தாராளமாகச் சிரித்தான்.

திரும்பி வரும்போது வேனில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "என் கையிலதான் ஏதோ கோளாறுப்பா. வீட்டுல வாசிச்சா சரியா வருது. மேடை ஏறினா சொதப்புது."

பெட்டியா கையா என்று அவள் கேட்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்வது அப்பா என்பதால் அந்தச் சந்தேகமே அவளுக்கு எழவில்லை. அது கும்முவுக்குப் புரிந்தது. நெஞ்சில் ஓரிடத்தில் சுருக்கென்றது. இன்னோரிடத்தில், வெகுநாளாக எரிந்துகொண்டிருந்த ஒன்று குளிர்ந்தது.

"ஹெட்ஃபோன் வேற, மேடை வேறம்மா," என்று அவள் தலையைத் தடவினார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சிலருக்கு மேடை ராசி இருக்காது."

அந்த வாரம் முழுக்க அவள் விடாமல் வாசித்தாள். விரல் நுனி கொப்பளித்து உடைந்தது. கும்மு மருந்துக்கடைக்குப் போய்ப் பிளாஸ்திரி வாங்கிவந்து, அவளை உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாக ஊதி ஊதி ஒட்டினார். "போதும்மா, ரொம்ப வருத்திக்காதே. வரலைன்னா விட்டுடு" என்றார். மனைவி கதவோரம் நின்று பார்த்து, இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று நெகிழ்ந்துபோனாள். கும்மு அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு பெரிய கூடத்தில். அங்கே ஒலி ஏற்பாட்டுக்கு அதே ரிப்பேர்காரர் வந்திருந்தார். சாயங்கால நிகழ்ச்சிக்கு மத்தியானமே சத்தம் சோதித்துப் பார்த்தார்கள். மைத்துனன் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். மகள் ரெண்டு சுரம் வாசித்ததும் ரிப்பேர்காரர் முகத்தைச் சுளித்தார். நேராகப் பெட்டியிடம் போனார். பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய மேடையில இதை யாரு மூலையில கொண்டுபோய் முட்ட வெச்சது? நான் முறுக்கின திருகு தானா கழண்டுக்குமா? கெயினைப் பாரு, எங்க நிக்குதுன்னு. வேணும்னே பண்ணினாகூட இவ்வளவு கச்சிதமா வராது."

மகள் அப்பாவைப் பார்த்தாள். கும்மு ஒயரில் விழுந்திருந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். ஒயரில் அப்படியொன்றும் முடிச்சு இல்லை.

அவள் ரிப்பேர்காரரிடம் ஸ்க்ரூடிரைவரை வாங்கி, மண்டிபோட்டு, திருகுகளைத் தானே முறுக்கினாள். பிளாஸ்திரி ஒட்டிய விரலில் ரத்தம் கசிந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள், மறுபக்கத்தை ரிப்பேர்காரர். கும்மு எழுந்து உதவிக்குப் போனார். "வேண்டாம்பா," என்றாள்.

பெட்டி நடுவில் வந்து ஸ்டாண்டில் உட்கார்ந்தது. குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, எது எதற்கு என்று ரிப்பேர்காரரிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு வாசித்தாள். வாசல் பேச்சை விட்டுவிட்டு மைத்துனன் உள்ளே வந்தான்.

"அட, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. இனிமே பெட்டியை நானே வெச்சுக்கறேன். அப்பாவுக்கு முதுகு வலி. ரொம்ப நாளா யாருகிட்டயும் சொல்லாம மறைச்சுட்டார். அவர் இனிமே எதையும் தொட வேண்டாம். நிகழ்ச்சிக்கும் வர வேண்டாம்."

"முதுகு வலியா? அதுலயாவது ஒழுங்கா இருக்கச் சொல்லு," என்றான் மைத்துனன். அதற்கு மேல் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலையில் மனைவி வலி மருந்து பாட்டிலோடு வந்தாள். "இதை ஏங்க என்கிட்ட சொல்லலை? மகள் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு." சட்டையைக் கழற்றச் சொல்லிக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள். முழங்கையை ஊன்றி, முழு பலத்தோடு தேய்த்தாள். வலியே இல்லாத முதுகில் மருந்து திகுதிகுவென்று எரிந்தது. கும்மு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் கீழம்மா. அங்கதான் ரொம்ப வலின்னார்."

"இங்கயா?" மனைவி முழங்கையை அழுத்தினாள். "ஏங்க, இங்கதானே?"

"ஆமா," என்றார் கும்மு.

"நல்லா அழுத்தித் தேயிம்மா. தினமும் ரெண்டு வேளை தேய்ச்சாத்தான் போகுமாம்," என்று சொல்லிவிட்டு மகள் வாய் கொப்பளிக்கப் போனாள்.