ஒரு சாண் தள்ளு

மருந்துக்கடைக்காரருக்கு அதிகாலைத் தூக்கத்தில் ஒரு படகு வரும். பெரிய பயணம் ஒன்றும் கிடையாது. படகு கரையிலேயே நிற்கும். யாரோ ஏறியதுபோல் இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடும். கிறீச்சென்று மெல்ல ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பதினான்கு வருடமாக வந்துகொண்டிருந்த கனவு. மனைவி கோபித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போன நாளிலிருந்து படகும் வரவில்லை, காரும் கிளம்பவில்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

கோபத்துக்குக் காரணம் அவர் வாய்தான். காலையில் சாப்பிடும்போது ஏதோ பேச்சு வளர்ந்து, "நீ இல்லன்னாலும் இந்த வீடு ஓடும்" என்று சொல்லிவிட்டார். சிந்திய மாத்திரையைப் பொறுக்கி டப்பாவில் போடுவதுபோல் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துப் போட முடியுமா என்ன? அவள் பையில் நாலு துணியை வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மாலைக்குள்ளேயே அவருக்கு உறைத்தது. ஆனால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மச்சான் வீட்டு வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்க மனசு வரவில்லை. காரில் போய் இறங்கி, கதவைத் திறந்துவிட்டு, 'ஏறு' என்றால் அவள் ஏறிவிடுவாள் என்று நம்பினார். ஆண்களுக்கு இப்படியெல்லாம் சில நம்பிக்கைகள் உண்டு. அதற்கு அவர் கடையிலும் மருந்து இல்லை.

அந்தக் கார் அவர் பிறப்பதற்கு முன்னால் செய்யப்பட்டது. உருண்டை விளக்கு, மெலிந்த ஸ்டியரிங், தோல் விரிசல்விட்ட சீட்டு. 'என் கை பட்டா ஒரே பிடியில கிளம்பும்' என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். இப்போது சாவியைத் திருப்பினால் விர்ரென்று மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றியது, எஞ்சின் அசையவில்லை. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் செத்துவிட்டது என்று அவரே தீர்ப்பு எழுதினார். அங்கே இங்கே விசாரித்து ஒரு மாற்று மோட்டாரைத் தபாலில் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன் என்று மனைவிக்குப் போனிலும் சொல்லிவிட்டார். அதற்கு அவள் சொன்னது 'ம்' மட்டும்.

ஞாயிறு காலை படுக்கையறைக்குக் கீழே இருந்த கார் ஷெட்டுக்குள் இறங்கினார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொன்றையும் மாத்திரைக் கவரில் போட்டு, 'மேல் போல்ட்', 'கீழ் போல்ட்', 'வாஷர் இரண்டு' என்று எழுதி வரிசையாக வைத்தார். சாப்பாட்டுக்கு முன், பின் என்று எழுதாததுதான் குறை.

சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டார். மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியாது. விரலால்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணால் பிரயோசனம் இல்லை என்றானதும் கண்ணை மூடிக்கொண்டார். பழைய எண்ணெயின் வாசனை இதமாக இருந்தது. கதவிடுக்கில் வந்த வெயில் கணுக்காலில் கிடந்தது. கையில் ஸ்பேனர் தானாகச் சுற்ற, நேரம் எங்கேயோ நழுவியது. மனைவி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. தூக்கமா, நினைப்பா, தெரியவில்லை. விரலில் போல்ட் வந்து விழுந்தபோதுதான் விழித்துக்கொண்டார். அவள் இல்லாத வீடு தலைக்கு மேல் சத்தமில்லாமல் நின்றது. அவருக்கு அழுகை வந்தது. அடியில் படுத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

புது மோட்டாரைத் தூக்கிப் பொருத்தினார். போல்ட்டுகளை முறுக்கினார். வயர்களை மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

விர்ர் என்றது. எஞ்சின் அசையவில்லை.

பத்துத் தடவை திருப்பிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். மச்சான்தான் பேசினார்.

"சொல்லுங்க மாப்ள. அந்தக் கிழவி கண்ணத் தொறந்துச்சா?"

"அவகிட்ட குடுங்க மச்சான்."

அவள் வந்தாள். "ம்," என்றாள்.

"இன்னைக்கு வர முடியாது போலிருக்கு. புது மோட்டாரும் மாட்டிட்டேன். அதுவும் சும்மாதான் சுத்துது."

"டாப் கியர்ல போட்டுட்டு முன்னால வாங்க," என்றாள். "ரெண்டு கையையும் வச்சு ஒரு சாண் தள்ளுங்க. ஒரு ஆட்டம் ஆடும். மறுபடியும் தள்ளுங்க."

"உனக்கெப்படி..."

"முதல்ல தள்ளுங்க."

போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தள்ளினார். கார் கிறீச்சென்று பின்னால் சாய்ந்து முன்னால் வந்தது. இன்னொரு முறை தள்ளினார். மீண்டும் கிறீச்சென்றது. கை அப்படியே நின்றுவிட்டது. பதினான்கு வருடம் தூக்கத்தில் வந்த படகு ஷெட்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

போனைக் காதில் வைத்து, "நீயா?" என்றார்.

"கல்யாணமான புதுசுல ஒருநாள் கிளம்பாம படுத்துச்சு. நீங்க உள்ள போனப்போ கோவத்துல ஓங்கித் தள்ளினேன். வந்து சாவியத் திருப்பினீங்க, கிளம்பிடுச்சு. அப்புறம் மெக்கானிக்கிட்ட கேட்டேன். எஞ்சின் எப்பவும் ஒரே இடத்துல வந்து நிக்குமாம். எஞ்சினச் சுத்துற பல்சக்கரத்துல அந்த இடத்துப் பல்லு மட்டும் தேஞ்சுபோச்சாம். மோட்டார் பிடிக்காம வழுக்கும். டாப் கியர்ல போட்டு லேசா தள்ளிவிட்டா நல்ல பல்லு வந்துரும்னாரு. விடியக்காலைல கேட் தொறக்கப் போறப்ப தினமும் தள்ளிவிட்டுட்டு வருவேன். சாயங்காலம் நீங்க கடைத்தெரு சரிவுல உருட்டித்தான கிளப்புறீங்க, அதனால தெரியல."

"ஏன் சொல்லல?"

"உங்க கை பட்டா கிளம்புதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் சீட்டில் ஏறி, நியூட்ரலுக்கு மாற்றி, சாவியைத் திருப்பினார். ஒரே பிடி. எஞ்சின் பிடித்துக்கொண்டு ஷெட் முழுக்க இரைந்தது. சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

"கிளம்பிடுச்சா? நல்லது," என்றாள் அவள். "இனிமே நீங்களே தினமும் தள்ளிக்கங்க. கத்துக்கிட்டீங்கல்ல. வச்சிடட்டுமா?"

அவர் சிரிப்பு நின்றது. திரும்பி வருகிறவள் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது. சட்டென்று சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"கிளம்பல," என்றார்.

"இரையுற சத்தம் கேட்டுச்சே."

"அது பக்கத்து வீட்டு வண்டி."

"பக்கத்து வீட்டுல சைக்கிள்தான இருக்கு."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு," என்றார் கடைசியில். "தள்ளுறத நான் தள்ளிக்கிறேன். நீ சும்மா இருக்கிறதுக்காவது வா."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, அந்தச் சைக்கிள எடுத்துக்கிட்டாவது சீக்கிரம் வாங்க," என்றாள்.