நாலாயிரம் வரி கண்ட்ரோலர்

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்த மென்பொருள் நிறுவனத்தில் ஸ்ரீப்ரியாவுக்கு வந்து சேர்ந்த வேலையை வேறு யாரும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். ஏழு டயாலிசிஸ் மையங்களுக்கான முன்பதிவுத் தளம் அது. ஆறு வருஷத்தில் நாலு பேர் எழுதிவிட்டுப் போன அதன் கண்ட்ரோலர் என்ற நிரல், ஒரே கோப்பாக நாலாயிரம் வரிக்கு வளர்ந்து கிடந்தது.

திரையிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உரிய பகுதிக்கு அனுப்புவதும், கிடைத்த பதிலைத் திரும்பக் கொடுப்பதும்தான் கண்ட்ரோலரின் வேலை. இதுவோ எல்லாவற்றையும் தானே செய்தது. யாருக்கு எந்த மெஷின் என்று முடிவெடுத்தது, குறுஞ்செய்தி அனுப்பியது, விடுமுறை பார்த்தது. தொற்று மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களைத் தனி மெஷினில்தான் போட வேண்டும் என்ற விதி அதற்குள் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது. தேதியோ இடமோ மாற்றும் பகுதியில் மட்டும் இல்லை. நர்சுகள் பார்த்துத் திருத்தியதால்தான் இதுவரை ஒன்றும் நேரவில்லை.

அதைக் காட்டித்தான் முதலாளி லிங்கராஜிடம் அனுமதி கேட்டாள்.

"ஓடிட்டு இருக்கத எதுக்குப் பிரிச்சுப் போடணும்?" என்றார் அவர். "எங்கயாவது ஒண்ணு விட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன் சார். இப்படியே விட்டாலும் ஒருநாள் சொல்லத்தானே வேணும்."

இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு விதியும் சரியாக நடக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சோதனை நிரல் எழுதி, பிறகு அந்த விதியைக் கண்ட்ரோலரிலிருந்து எடுத்து, இடம் ஒதுக்குவதற்கென்றே அமைத்த தனிப் பகுதியில் வைத்தாள். நடுவில் ஒரு மையத்தின் நோயாளிகள் அனைவருக்கும் குறுஞ்செய்தி இரண்டு தடவை போய்விட்டது. லிங்கராஜ் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

புதிய வடிவம் ஒரு திங்கட்கிழமை பயன்பாட்டுக்கு வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆற்றங்கரை மையத்தின் தலைமை நர்ஸ் பிரேமா போனில் கூப்பிட்டார். விடாத மழை.

"மோளே, தண்ணி உள்ள கேறியாச்சு. கரண்ட நிறுத்திட்டோம். இன்னைக்கும் நாளைக்குமா நாப்பத்தாறு பேரு உண்டு. ஒவ்வொருத்தரா மாத்த நேரமில்ல. எல்லாரையும் ஒண்ணா மத்த மையங்களுக்கு மாத்த முடியுமா?"

"அப்படி ஒரு வசதி இல்ல சேச்சி. அரை மணிக்கூர் தாங்க."

பழைய கோப்பாக இருந்தால் இடம் மாற்றும் பகுதியை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருப்பாள். இப்போது பதினெட்டு வரியில் ஒரு சிறிய கண்ட்ரோலர் போதுமானதாக இருந்தது. எந்த மையம், எந்த நாட்கள் என்று வாங்கும். ஒதுக்கும் பகுதியிடம் கொடுக்கும். வந்த பட்டியலைக் காட்டும். பார்த்துச் சம்மதித்த பிறகே குறுஞ்செய்தி போகும். லிங்கராஜ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பட்டனைத் தட்டினாள்.

பட்டியலில் நாற்பத்தைந்து பெயர்கள்தான் இருந்தன.

அந்த மையத்தில் ஹெபடைட்டிஸ் பி உள்ள மூன்று பேரை முதலில் தேடினாள். குற்றாலலிங்கமும் மைதீனும் தனி மெஷினில் இருந்தார்கள். முத்தாரம்மாளைக் காணவில்லை. திரையை இறக்கிக்கொண்டே போனபோது, கடைசியில் ஒரு வரி தெரிந்தது: 'முத்தாரம்மாள் — தனி மெஷின் காலியில்லை. ஒதுக்கவில்லை.'

உடனே பிரேமாவைக் கூப்பிட்டாள். அவர் இன்னொரு மையத்தில் பேசி, அங்கிருந்த தனி மெஷினில் சாயங்காலம் ஒரு ஷிப்ட் கூட்டச் சொன்னார். அதைச் சேர்த்து மறுபடி தட்டியதும் நாற்பத்தாறு பேருக்கும் இடம் விழுந்தது; பார்த்துச் சம்மதித்ததும் குறுஞ்செய்திகள் போயின.

"பழசா இருந்தா?" என்று கேட்டார் லிங்கராஜ்.

"சத்தமில்லாம பொது மெஷின்ல போட்டிருக்கும் சார். இந்த அவசரத்துல யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நம்ம மத்த தளங்களோட கண்ட்ரோலரும் இப்படித்தான் கெடக்கா?"

"ஆமா சார். இன்னும் ஆறு."

"செரி. எடுத்துப் பண்ணு. ஆள் வேணும்னா கேளு."

ஐந்தரை மணிக்கு பிரேமாவிடமிருந்து செய்தி வந்தது: முத்தாரம்மாளை மெஷினில் போட்டாயிற்று. ஸ்ரீப்ரியா அப்போதுதான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம் புளித்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.