பதினோரு மணி வானம்

கணவர் இறந்த மறுவாரமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். கோளரங்கத்தில் வானத்தை விளக்கிச் சொல்வது அவள் வேலை. நெஞ்சழுத்தக்காரி என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அதற்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அரங்கில் வானத்தைக் காட்டும் கருவியை இயக்குபவனை எல்லோரும் ‘சுவிட்ச்’ என்பார்கள். வீட்டில் மனைவி திட்டினாலும் எந்தப் பொத்தானை அமுக்கலாம் என்று தேடுவான் என்று கேலி. அன்று அவன் அவளிடம் கேலியும் பேசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. விளக்கை அணைத்தான்.

நட்சத்திரங்கள் கிழக்கே எழுந்து மேற்கே சாய்வதை அவள் சொன்னாள். நாக்கு பழக்கத்தில் தானாக ஓடியது. முன்வரிசையில் ஒருவர், பகலில் இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார். எங்கும் போவதில்லை, வெயிலில் தெரிவதில்லை என்றவள், காட்டுவதற்காக ஒரு தேதியையும் காலை பதினோரு மணியையும் சொன்னாள்.

“அக்கா, அந்தத் தேதியா?” சுவிட்ச் தணிந்த குரலில் கேட்டான்.

“ஆமா. போடு.”

சூரியன் ஏறியது. அதன் ஒளியை மட்டும் குறைக்கச் சொன்னாள். சுற்றிலும் நட்சத்திரங்கள் வந்தன. மேற்கே, அடிவானத்தை ஒட்டி, தேய்பிறை அரை நிலா. கணவர் இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தா ஜன்னலில் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள். போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“இதே வானம் திரும்ப வருமா?” என்றார் முன்வரிசைக்காரர்.

“சூரியனும் நட்சத்திரமும் வருஷா வருஷம் அதே தேதிக்கு இப்படியே வந்துரும். நிலாதான் வேற இடத்துல நிக்கும். பூமி சூரியனைச் சுத்துற கணக்கு வேற, நிலாவோட கணக்கு வேற. ரெண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக பத்தொன்பது வருஷம் ஆகும்.”

அவள் சொல்லாமலே சுவிட்ச் வருடங்களை ஓட்டினான். நிலா அங்குமிங்கும் தாவி, கடைசியில் அதே மூலைக்கு வந்து நின்றது. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இப்போது பதினாலு வயதாகும் மகளுக்கு அப்போது முப்பத்து மூன்று ஆகியிருக்கும் என்று மட்டும் தோன்றியது. நன்றி சொல்லி முடித்தாள். கைதட்டினார்கள்.

விளக்கு போட்டபோது சுவிட்ச் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். அடுத்த கூட்டம் வாசலில் நின்றது.

சாயங்காலம் மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா ஓரத்தில் உட்கார்ந்து, அன்று வராந்தாவில் நின்று நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொல்லாதது. மகள் திரும்பினாள்.

“அப்புறம் அழுதியாம்மா?”

“இல்லடி.”

“எனக்கும் வரல.” ஏதோ தப்பு செய்துவிட்டவள் போலச் சொன்னாள்.

“வரலைன்னா விடு,” என்று அம்மா பக்கத்தில் படுத்தாள். மகள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.