மஞ்சள் இல்லாத பை

காலை எட்டரைக்கு ஷெல்டன் ஃபோனில் கூப்பிட்டான். "மிஸ், பசறை தாண்டிட்டோம், முக்கா மணியில வந்துருவோம். லூசியாவுக்கு விடிஞ்சதுல இருந்து மூக்குல ரத்தம் நிக்கல."

இரத்த வங்கியில் வேலை பார்க்கும் ரொஷானிக்கு இந்தத் தம்பதியை மூன்று மாதமாகத் தெரியும். லூசியா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அவள் உடம்பில் ஊறுவது நின்றுபோயிருந்தது. போன முறை ஏற்றியபோது மேலெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. பிளேட்லெட் மிதந்துகொண்டிருந்த மஞ்சள் பிளாஸ்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முறை அதை வடித்துவிட்டு உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர் அஸ்ஹர்.

கரைசலுக்கு மாறிய பிளேட்லெட்டுக்கு நான்கு மணி நேரம்தான் கெடு. பிறகு உருக்குலைந்து, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் போகலாம். அதனால் நோயாளி கட்டிலுக்கு வந்த பிறகே இப்படிக் கழுவி மாற்றுவது வழக்கம். பசறை தாண்டியாயிற்றே என்று ரொஷானி முன்கூட்டியே தொடங்கிவிட்டாள். முடித்து, லேபிளில் 9.20 என்று எழுதினாள்.

அப்போதுதான் மறுபடி ஃபோன் வந்தது. "ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு மிஸ். மிஷின் வந்து அள்ளணுமாம்."

ஆட்டும் தட்டில் பை அசைந்துகொண்டே இருந்தது. அரை மணிக்கொரு தடவை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே புகை போல ஒரு சுழல். உயிர்ப்போடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். பன்னிரண்டு மணிக்கு அது மெலிந்திருந்தது. லேபிளில் ஒன்பதைப் பத்தாக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை எடுத்தாள், மூடி வைத்தாள்.

ஒன்று முப்பத்தைந்துக்கு லூசியாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரொஷானி டாக்டரை ஃபோனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"வேற பை?"

"கண்டியில இருந்து வரணும் சேர். பொழுது சாஞ்சிரும்."

"சுழல் தெரியுதா?"

"லேசா."

"அவ்வளவு நேரம் தாங்க மாட்டா. கொண்டு வாங்க. எழுதின நேரத்த மாத்த வேணாம். நான் பக்கத்துல இருக்கேன்."

வழக்கமாக வார்டுக்குப் போகாத ரொஷானி, அன்று பையைத் தானே எடுத்துப் போனாள். டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். லூசியா அதைப் பார்த்தாள். "இது மஞ்சளா இல்லியே மிஸ்?"

"இது வேற தண்ணி. நான்தான் அவசரப்பட்டு முன்னாடியே மாத்திட்டேன். நேரம் கொஞ்சம் கடந்துருச்சு."

லூசியா ஷெல்டனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் கையை நீட்டினாள்.

பை பாதியான வேளையில் நர்ஸ் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். அதன் ஓரத்தில் கடுகளவு சிவப்பு எழுந்தது. அது பரவுகிறதா, நிற்கிறதா என்று நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.