பாவாயியின் பத்தொன்பதாம் நாள்

1

இந்தக் கதை ஒரு சுவரொட்டியிலிருந்து வந்தது. மருத்துவமனை பெஞ்சில் ஒருவருக்காகக் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் எழுதியிருந்தது: நாற்பதைக் கடந்த பெண்களுக்கு உதிரப்போக்கு நீள்வது ஏன்? கீழே ஏழு காரணங்கள். கருப்பையில் நார்க்கட்டி. உள்சவ்வில் சதை வளர்ச்சி. கருமுட்டை வெளிவராத மாதங்கள். தைராய்டு. இரத்தம் உறைவதில் கோளாறு. புற்று. ஏழாவதை முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கொண்டை மறைத்தது.

[எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எனக்குக் கதை வேண்டியிருந்தது.]

2

முதல் தொடக்கம்: "அன்று மாலை மலைக்குப் பின்னால் வானம் சிவந்து—"

அடித்துவிட்டேன். இந்தப் பொருளை எடுத்தால் யாருக்கும் வானம் சிவந்துவிடுகிறது. செம்பருத்தி, செம்மண், குங்குமம் எல்லாவற்றையும் கட்டி மூலையில் வைத்தாயிற்று. கதை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர் திருச்செங்கோடு. அதன் பெயரை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது தொடக்கம்: 1938. பாவாயிக்கு நாற்பத்துநான்கு வயது. பத்தொன்பது நாளாக வீட்டுக்குத் தூரம்.

இது நிற்கட்டும்.*

* 1938இல் ஸ்கேன் கிடையாது. எழுதுகிறவருக்குச் சௌகரியம்.

3

தூரமானவள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் மூன்று நாள் இருப்பாள். நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போவாள். அதுவரை அடுப்பு, கிணறு, வண்டி எதையும் தொடமாட்டாள். பாவாயிக்கு அந்த நாலாம் நாள் வரவேயில்லை.

அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் செல்லியம்மாள். பாவாயி கணவனின் அக்கா, அவளுக்கு நங்கை, ஐம்பது வயது, விதவை, அதே வீட்டில் இருப்பவள். வட்டிலைச் சாய்ப்பின் வாசலில் வைத்து, குச்சியால் உள்ளே தள்ளுவாள்.

"நிக்கற வயசுல இப்பிடித்தான் கொட்டித் தீரும். எனக்கு இருவத்திரண்டு நாளு."

"முந்தாநேத்துப் பதினாறுன்னீங்களே நங்கை."

"அப்ப நீ பதினஞ்சுல இருந்த."

பாவாயி வட்டிலைப் பார்த்தாள். களி ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. "தீய்ஞ்சிருக்குதுங்க."

"தீய்ஞ்சது வயித்துக்கு நல்லது."

ஊரும் காரணம் சொன்னது. வெயிலில் கடலைக்காய் பறித்த சூடு. பப்பாளி தின்ற சூடு. வயிறு எரிந்தவளின் பார்வை. எல்லாருமே கதாசிரியர்கள். என்னைவிட வேகமாக எழுதினார்கள்.

4

கணவன் சென்னியப்பனை முதலில் கொடுமைக்காரனாக எழுதினேன். சுலபமாக வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

பதினேழாம் நாள் பாவாயி எழுந்து நின்றாள். கண் இருட்டிக் கீழே விழுந்தாள். முழித்தபோது எட்டடி தள்ளி அவன் நின்றிருந்தான். கிட்ட வரவில்லை. போகவும் இல்லை.

"ஏனுங்க. டவுனுல லேடி டாக்டர் வந்திருக்காங்களாமா. கூட்டிட்டுப் போறீங்களா?"

"போலாம் புள்ள. நின்னதும் வண்டி கட்டறேன்."

"நின்னா டாக்டரு எதுக்குங்க?"

சென்னியப்பன் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான்.

"அதுஞ் சரிதான்," என்றான். "அப்பப் போக வேண்டாம்."

[இது நான் இட்டுக்கட்டிய முட்டாள்தனம் என்று வாசகர் நினைக்கலாம். வருஷா வருஷம் அண்ணமார் கோயிலுக்குப் பொங்கல் பானை போவது அந்த வண்டியில்தான். தூரமானவள் அதில் ஏறக் கூடாது. பஸ் பிடிக்க நாலு மைல் நடக்க வேண்டும். அவளால் வேலிவரை நடக்க முடியவில்லை.]

அன்று முழுதும் பாவாயி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். செத்தால் பாடையில் ஏற்றுவார்கள், அதற்குத் தூரம் பார்ப்பார்களா என்று யோசித்தாள். சிரிப்பு வந்தது. சிரித்ததில் போக்கு அதிகமானது. நிறுத்திக்கொண்டாள்.

5

பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பழஞ்சேலையில் ஆறு துண்டு கிழித்து, நாலை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டை இடுப்பில் செருகினாள். வாசலில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னுபோச்சுங்க."

செல்லியம்மாள் வெளியே வந்தாள். "நின்னவ மூஞ்சி ஏன் சுண்ணாம்பாட்டம் இருக்குது?"

"இன்னும் மஞ்ச பூசலீங்க நங்கை."

"நின்னதுக்கப்பறம் டவுனுக்கு எதுக்கு?"

"நின்னுபோச்சுன்னு சொல்லிட்டு வரத்தான்."

சென்னியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். மாட்டைப் பூட்டினான். வைக்கோல் போருக்குப் போய் ஒரு கட்டு கொண்டுவந்து வண்டியில் பரப்பினான். இன்னொரு கட்டு. இன்னும் ஒன்று. மேலே இரண்டு சாக்கை மடித்துப் போட்டான்.

"எட்டு மைலுக்கு இத்தன வைக்கோலா?"

"ரோடு சரியில்லக்கா," என்றான்.

6

முடிவுகள்.

(அ) டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கட்டி என்கிறார். சேலத்தில் அறுத்து எடுக்கிறார்கள். பாவாயி எழுபதுவரை இருக்கிறாள்.

(ஆ) ஆறாவது காரணம். அப்படியானால் அந்தப் பத்தொன்பது நாளும்—

(இ) டாக்டர் ஊசி போட்டார். ஒரு புட்டி மருந்து கொடுத்தார். ஒரு சீட்டில் என்னவோ எழுதி மடித்தார். "வியாழக்கிழமை மறுபடி வரணும். இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தா நீ வரவேண்டிய தேவையே இருந்திருக்காது. ஏம்மா இத்தன நாளா வரல?"

"வண்டி கிடைக்கலீங்க," என்றாள் பாவாயி.

இதை எடுத்துக்கொள்கிறேன். ஏழாவது காரணத்துக்கு இடம் காலியாகத்தான் இருந்தது. சீட்டை நான் பிரிக்கவில்லை.

7

முடித்திருக்கலாம். ஆனால் வண்டி வீடு திரும்பியபோது செல்லியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாவாயிக்கு அடியில் பலகை மட்டும் இருந்தது. ஈரமாக, கழுவி.

"வைக்கோல் எங்கடா?"

"மாடு தின்னுருச்சுக்கா."

"சாக்கையுமா?"

சென்னியப்பன் மாட்டை அவிழ்க்கப் போனான். பாவாயி இறங்கத் தடுமாறினாள். செல்லியம்மாள் கை கொடுத்தாள். குச்சி இல்லாமல், நேராக. காதருகே குனிந்தாள்.

"வியாழக்கிழமை வண்டியில எடமிருக்குமா?"

"ஏனுங்க நங்கை?"

"எனக்கு நின்னு நாலு வருசமாச்சு. மாசியில மறுபடியும் ஆரம்பிச்சுது. விட்டு விட்டு. அந்த இருவத்திரண்டு பொய்யில்ல."

பாவாயி கணக்குப் போட்டாள். மாசியிலிருந்து அடுப்பு. கிணறு. போன மாதப் பொங்கல் பானை. எதுவும் வெடிக்கவில்லை. களிதான் தீய்ந்தது.

[இந்தப் பெண் இப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் பகுதியைத் திருத்தலாமா என்று பார்த்தேன். தேவைப்படவில்லை.]

"இருக்குங்க நங்கை," என்றாள்.

அந்தப் பக்கம் சென்னியப்பன் வைக்கோல் போரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டதா, வியாழக்கிழமைக்கு எத்தனை கட்டு உருவுவான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.